இடது காலுக்கு ஒரு மிதிகட்டை

தனசேகரனின் இடது காலைப் பற்றி அதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மீசை அரும்பாத வயதில் தறிக்குழிக்குள் இறங்கியது முதல் அவனுடைய இரண்டு கால்களும் சரிக்குச் சரியாகத்தான் வேலை பார்த்தன. வலது ஏறினால் இடது இறங்கும், இடது ஏறினால் வலது இறங்கும். குழிக்குள் இருக்கும் மிதிகட்டைகளை அப்படித்தான் கட்டியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்து மிதித்தாலும் சேலை வராது, ஒரு காலைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தாலும் சேலை வராது.

முப்பது வயதில் அவன் தறியில் ஊடுநூலை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபோது சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பட்டு தொட்ட கைக்கு டீசல் நாற்றம் எதற்கு என்று கேட்டார்கள். அவனிடம் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வண்டி ஓட்டப் பிடித்திருந்தது, ஓட்டினான். வீட்டுத்தறியில் அவன் இடத்தில் அவன் மனைவி கமலாட்சி உட்கார்ந்துகொண்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குழிக்குள் ஒருவர் மிதித்து நெய்ய, வலது பக்கம் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கு நாடா எறிய வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவன் மிதிக்க, அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரைநாடா எறிந்தாள். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டாள். மிதி சத்தம் கேட்டதும் நாடா போகும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் அசந்துபோனார். மற்றவர்கள் கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைத் தவளை மாதிரி குதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, இவன் முதல் தடவையிலேயே நழுவவிட்டுக் கிளம்பினான். கிளட்சிலிருந்து இடது கால் எழ எழ, ஆக்சிலேட்டரில் வலது கால் இறங்கியது. அவனுக்கு இது பழைய வேலைதானே.

"இன்னாப்பா, முன்னாடியே ஓட்டிக்கினு இருந்தியா?" என்றார் மாஸ்டர்.

"இல்ல சார். நெய்ஞ்சிக்கினு இருந்தேன்."

ஒரே ஒரு குறைதான் இருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவன் கிளட்சையும் சேர்த்தே மிதித்தான். "மொதல்ல பிரேக்க மட்டும் மிதிப்பா. கியர்ல இருந்தா இஞ்சினே பாதி வண்டியப் புடிச்சி நிறுத்தும். நிக்கப்போற நேரத்துல கிளட்ச மிதிச்சா போதும்" என்று மாஸ்டர் தொண்டை வறளச் சொன்னார். தனசேகரன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கால் மட்டும் ஆட்டவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து வலது எழுந்தால், அந்த நொடியே இடது இறங்கும். அதற்குப் பிறகு அவன் ஓட்டிய அம்பாசடர் டாக்ஸிக்கு மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் கிளட்ச் பிளேட் தேய்ந்தது, அவ்வளவுதான். வண்டி நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கால் பன்னிரண்டு வருஷம் இப்படியே காலத்தை ஓட்டிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள், அரக்கு நிறப் பாவுநூல் ஓடிக்கொண்டிருந்த தறியில் கறுப்பு நூல் ஒன்று கலந்திருக்கிறது என்று கமலாட்சி சத்தம் போட்டாள். விரலால் எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. பாவு ஓட்டிக் கொடுத்தவரை நாலு வார்த்தை திட்டினாள். கரைநாடா எறிய உட்கார்ந்திருந்த அவள் தங்கை வள்ளி இழை இழையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கக்கா கறுப்பு? ஒண்ணும் இல்லியே" என்றாள். கமலாட்சி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கறுப்பு நூல் சுவரிலும் ஓடியது. மறுநாள் ஒரு கண்ணின் ஓரத்தில் யாரோ திரையை இழுத்துவிட்டதுபோல ஒரு பக்கம் இருட்டிவிட்டது.

சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததும் ஒரு சின்ன வயது டாக்டரம்மா தனசேகரனைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"கண்ணுக்குள்ள பின்னாடி இருக்கிற திரை விலகியிருந்தது. ஒட்டியிருக்கோம். அது நல்லாப் பிடிச்சுக்கிறதுக்காக உள்ளே வாயு அடைச்சிருக்கோம். அதனால முகம் எப்பவும் தரையைப் பார்த்தபடியே இருக்கணும். தூங்கினாலும் குப்புறத்தான். தலை அதிரவே கூடாது. திரும்ப விலகிடுச்சுன்னா பார்வை கஷ்டம்."

"வூட்டுக்கு வண்டியில கூட்டிக்கினு போலாமாம்மா?"

"நாலு நாள் கழிச்சுப் போகலாம். மெதுவாப் போங்க. திடீர் பிரேக் மட்டும் வேண்டாம்."

தனசேகரன் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். அவன் பிழைப்பே பிரேக் பிடிப்பதுதான். அதை வைத்தே சோதனை வந்து நின்றது.

அம்பாசடரில் அவளை ஏற்ற முடியாது. டயருக்கு அடியில் புளியங்கொட்டை வந்தாலும் பின்சீட்டில் இருப்பவர் இடுப்புக்குத் தெரிந்துவிடும். வள்ளியைத் துணைக்கு வைத்துவிட்டு அவன் ஊருக்கு வந்த சமயத்தில்தான் சின்னக் காஞ்சிபுரத்து மரகதவல்லி டீச்சர் வரச்சொல்லி அனுப்பினாள். பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில் வீடு. கல்யாணம் கார்த்தி என்றால் வருஷக்கணக்காகத் தனசேகரனைத்தான் அவர்கள் வண்டிக்குக் கூப்பிடுவார்கள். அவள் கணவர் முரளீதரனுக்கு முழங்காலில் கோளாறு, கிளட்சை மிதிக்க முடியாது. அதனால் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கார் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

"வண்டி சும்மாத்தானே நிக்கறது. எடுத்துண்டு போங்கோ. தாலாட்டற மாதிரி போகும்னு இவர் சொல்லுவார். எத்தனை தடவை ஆத்துக்காரியைக் கூட்டிண்டு போகணுமோ, அத்தனை தடவையும் எடுத்துக்கோங்கோ" என்றாள் டீச்சர்.

தனசேகரனுக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது. முதலில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அன்று மாலையே வண்டியை எடுத்தான். காந்தி ரோட்டில் காய்ச்சலாகக் கிடந்த நாத்தனாருக்குத் தூக்கு நிறைய மிளகுரசம் எடுத்துக்கொண்டு டீச்சரும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வண்டி வெண்ணெயாகத்தான் கிளம்பியது. ரங்கசாமி குளம் வரைக்கும் தனசேகரன் மனசுக்குள் முரளீதரன் சாருக்கு ஆயிரம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான். அங்கே ஒரு சைக்கிள்காரர் பட்டுச் சாயமூட்டையோடு ஆடி ஆடிக் குறுக்கே வந்தார். ஒன்றும் அவசரமில்லை, மெதுவாக நிறுத்தினால் போதும். தனசேகரன் ஆக்சிலேட்டரிலிருந்து வலது காலை எடுத்தான். இடது கால் தன் கடமையைச் செய்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வண்டியில் அகலமான பிரேக் பெடல் இருந்தது. கிளட்சை எப்படி அடிவரைக்கும் மிதிக்குமோ, அப்படி அடிவரைக்கும் மிதித்தது.

கார் ஆணி அடித்ததுபோல நின்றது. தூக்கின் மூடி முன்கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ரசத்தில் பாதி சீட்டிலும் பாதி டீச்சர் மடியிலும் இருந்தது. சைக்கிள்காரர் ஒன்றுமே நடக்காததுபோல ஆடி ஆடிப் போய்விட்டார்.

"அம்மா! மன்னிச்சிடுங்கம்மா! காலு… காலு தானா…"

டீச்சர் முன்சீட்டில் இடித்துக்கொண்ட நெற்றியைத் தடவிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "போறது, ரசம்தானே. கமலாட்சி உக்காந்திருக்கலையே" என்றாள்.

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் தனசேகரனுக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. டீச்சர் இடித்துக்கொண்ட இடத்தில் கமலாவின் தலையை வைத்துப் பார்த்தான்.

மறுநாள் தாமல் ஏரிக்கரைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனான். பின்சீட்டில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டான். சொம்பு தளும்பாமல் நிறுத்த வேண்டும், அதுதான் கணக்கு. முதல் தடவை சொம்பு கவிழ்ந்தது. இரண்டாம் தடவையும் கவிழ்ந்தது. இடது காலிடம் நல்ல வார்த்தை சொன்னான். அம்மா மேல் சத்தியம் வாங்கினான். அது கேட்கிற சாதியாக இல்லை. துண்டால் சீட்டுக் கம்பியோடு கட்டிப் போட்டான். வலது கால் எழும்போது இடது துள்ளியதில் சீட்டே முன்னால் நகர்ந்து வந்தது. மடித்துத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போய், தன் கால் எது, டீச்சரின் சீட் எது என்றே தெரியாமல் போனது. அதற்குள் ஏரியில் இருந்த தண்ணீரில் பாதியை அவனே சொம்பால் மொண்டு சீட்டில் ஊற்றியிருப்பான். ஆனாலும் ரச வாசனை மட்டும் போகவில்லை.

தோற்றுப்போய் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

கமலாட்சி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். நெற்றியும் கன்னமும் வளையம் மாதிரியான தலையணையில் பதிந்திருக்க, முகம் கட்டில் விளிம்பைத் தாண்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கண்ணில் மூடி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் அவளுடைய பின்னலைத்தான் பார்க்க முடியும். தனசேகரன் யோசிக்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாங்க இது? தரையில படுத்துக்கினு இன்னா பண்றீங்க? நர்ஸ் பாத்தா திட்டும்."

"உன் மூஞ்சிய வேற எப்டிதான் பாக்கறது?"

அவள் முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷக் கல்யாணத்தில் இப்படி ஒரு கோணத்தில் அவன் அவளைப் பார்த்ததில்லை. பிறகு அவன் சொன்னான்.

"கமலா, நாளன்னிக்கு வேற டிரைவர அனுப்பறேன். நல்ல பையன், ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழக்கம் இருக்குது."

"ஏன், உங்களுக்கு இன்னா கேடு?"

சொன்னான். சைக்கிள்காரர், ரசம், சொம்பு, துண்டு, மரத்துப்போன கால் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். "எனக்கு பயமா இருக்குது. உன் கண்ணு என் காலால போச்சுன்னா நான் எப்டி இருப்பேன்?"

கமலாட்சியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்க வைக்காதீங்க, தல குலுங்குது. டாக்டரம்மா உங்களத்தான் திட்டும்." உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "கால் மேல தப்பே இல்லீங்க. பக்கத்துல இருக்கறவன் எழுந்தா நீ குந்தணும்னு அதுக்குப் பழக்கி வச்சது யாரு? இப்ப வந்து சும்மா இருன்னா எப்டி இருக்கும்? உங்களையே ஒரு எடத்துல சும்மா குந்த வைக்க என்னால முடியல. உங்க கால் மட்டும் குந்திடுமா?"

"அப்ப இன்னாதான் பண்றது?"

"அதுக்கு ஒரு கட்டையக் குடுங்க. பிரேக்குக்குப் போற எடத்துக்கு இந்தாண்ட ஓரமா ஒரு கட்டைய வையுங்க. அது பாட்டுக்கு மிதிச்சிக்கினு கெடக்கட்டும். நம்ம பரண்ல பழைய மிதிகட்ட ஒண்ணு இருக்குது பாருங்க, உங்க காலுக்குத் தெரிஞ்ச கட்டதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேற டிரைவர்லாம் வாணாம். எவன் கையிலயும் என் தலையக் குடுக்க மாட்டேன். நீங்க வந்தா வர்றேன். இல்லன்னா இங்கியே குப்புறப் படுத்துக்கினு கெடக்கறேன்."

அவன் கையைத் தூக்கி, தலையணைக்கு வெளியே தெரிந்த அவள் மூக்கு நுனியைத் தொட்டான். அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்து திட்டத்தான் செய்தாள்.

பரணில் கட்டை இருந்தது. அவன் குதிகால் தேய்த்த பள்ளம்கூட அப்படியே இருந்தது. மெக்கானிக் கண்ணாயிரத்திடம் கொண்டுபோனான். கண்ணாயிரம் கட்டையையும் காரையும் தனசேகரனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உனக்கு மண்டை கிண்டை காஞ்சிட்சா? நழுவி பிரேக்குக்கு அடியில போயிட்சின்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"அதுக்குத்தாம்பா உங்கிட்ட வந்தேன்."

கண்ணாயிரம் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தான். கட்டையை அளவாக அறுத்து, அடியில் ரப்பர் ஒட்டி, இடது ஓரத்துத் தகட்டோடு இரும்புப் பட்டை போட்டு முறுக்கினான். பிரேக் பெடலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு கை போகும் இடைவெளி இருந்தது. கடைசியில் தானே ஏறி நின்று குதித்துப் பார்த்தான், அசையவில்லை. முன்னதாக டீச்சரிடம் அனுமதி கேட்டபோது, "ஒரு கட்டைதானே? ரசத்துக்கு அது தேவலை" என்றாள்.

திரும்பவும் ஏரிக்கரை, திரும்பவும் சொம்பு. தனசேகரன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். இடது கால் வழக்கம்போல ஆவேசமாக இறங்கி 'டொக்'கென்று கட்டையில் மோதியது. அதற்குத் திருப்தி, இவனுக்கும் திருப்தி. அதற்கப்புறம் வலது கால் நிதானமாகப் போய் பிரேக்கை அழுத்தியது. இந்த வண்டியில் வேகத்தைப் பிடித்து வைக்க இஞ்சின் அவ்வளவாக உதவாது, உருண்டு போய்க்கொண்டே இருக்கும். அதனால் தூரத்திலேயே மெல்ல ஆரம்பிக்க வேண்டும். நிற்கப்போகிற கடைசி நொடியில் பிரேக்கை மயிரிழை விட்டுக்கொடுத்தால் வண்டி தலையாட்டாமல் நிற்கும். அப்படியே முழுதாக விட்டுவிட்டாலோ தானாக ஊர்ந்து போக ஆரம்பிக்கும், மிதித்தபடியே இருக்க வேண்டும். எல்லாம் பிடிபட்டது. பொழுது சாயும்போது சொம்புத் தண்ணீரில் ஆகாயம் ஆடாமல் தெரிந்தது.

வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் கமலாட்சி பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தாள். மடியில் இரண்டு தலையணை, அதன்மேல் நெற்றி. பக்கத்தில் வள்ளி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏன் ரச வாசன அடிக்குது?" என்றது தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"டீச்சரம்மா நெத்தியக் கேளு" என்றான் தனசேகரன்.

முதல் சிக்னலில் கட்டை 'டொக்'கென்றது. கார் நின்றதே தெரியவில்லை. அடுத்த சிக்னலிலும் அப்படியே. பூந்தமல்லி தாண்டியதும் கமலாட்சி மெதுவாக, "கரைநாடா எறியணும்போல இருக்குதுங்க" என்றாள். தனசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டான்.

சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் நாலுவழிச் சாலையின் நடுத்திட்டில் ஒரு இடைவெளி. தனசேகரன் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தான். இரண்டு பக்கமும் பால்கேன் தொங்க ஒரு மொபெட்காரர், இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல், சாமி வருகிற மாதிரி நேராக ரோட்டுக்குள் இறங்கினார்.

டொக்! கட்டை அலறியது. வலது கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. பயத்தில் அடிவரைக்கும் மிதிக்கத்தான் போனது. தனசேகரன் பல்லைக் கடித்து அதைப் பாதியில் பிடித்தான். அழுத்தினான், அழுத்திக்கொண்டே போனான், ஹாரனைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தான். வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்து, கடைசியில் அவன் கொஞ்சம் விட்டுக்கொடுக்க, பால்கேனுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. மொபெட்காரர் இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார், ஏதோ இவன்தான் குறுக்கே வந்தவன் மாதிரி.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "கமலா…" என்றான்.

"இன்னா, நூல் அறுந்துட்சா?" என்றது தலையணைக் குரல்.

"தல… தல ஆடிட்சா?"

"ஆடல. கட்ட சத்தம் கேட்டதும் தலவாணியோட தலையக் கெட்டியாப் புடிச்சிக்கினேன். அதுக்கப்புறம்தான வண்டி நிக்க ஆரம்பிச்சிது."

"ஆமா மாமா," என்றாள் வள்ளி. "நான் புடிக்கறதுக்கு முன்னியே அக்கா தானாப் புடிச்சிக்கிச்சி."

தனசேகரன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். அது இன்னும் கட்டையை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போக ஒரு கண்சிமிட்டும் நேரம் ஆகும். இடது காலுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே மிதித்துவிடும். அந்தக் கண்சிமிட்டும் நேரம் முன்னால் அவளுக்குச் சேதி போயிருக்கிறது. இரண்டு நாளாக அவன் சபித்த சாபமெல்லாம் அந்தக் கால்மேல்தான். குனிந்து அதை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கு" என்பாள். குப்புறப் படுப்பது முடிந்த பிறகும் வாயு கரையும்வரை வண்டியில் குனிந்துதான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

நடுவில் ஒரு நாள் டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பியபோதுதான் தனசேகரன் கவனித்தான். வழியில் நாலு இடத்தில் நின்றிருக்கிறான், கட்டை ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. குனிந்து பார்த்தால் இடது கால் கட்டைமேல் சாதுவாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வழியாகச் சும்மா இருக்கப் பழகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவனுக்கென்னவோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அடுத்த தடவை கமலாவை அழைத்துப்போனபோது, பொன்னேரிக்கரையில் மெயின்ரோடு ஏறும் இடத்தில் நிறுத்தினான். கட்டை சத்தமில்லை. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். குனிந்திருந்த கமலாட்சியின் கை, வண்டி நிற்கத் தொடங்கியபிறகு அவசரமாகத் தலையணையைத் தேடியது. அவள் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஒரு பார்வை போதும். அடுத்த நிறுத்தத்திலிருந்து அவனே இடது காலைத் தூக்கி 'டொக்'கென்று மிதித்துவிட்டுத்தான் பிரேக்கைத் தொட்டான். சென்னை போகும்வரை, திரும்பி வரும்வரை, அதற்கடுத்த தடவையும் அப்படியே. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணிக் கடைசியில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். வாயு முழுக்கக் கரைந்துவிட்டது, பார்வை வந்துவிட்டது, இனி நிமிர்ந்து உட்காரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத் தறியிலும் உட்காரலாம். கமலாட்சி தலையணைகளைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வழிநெடுக வேடிக்கை பார்த்தாள். லாரி, மாடு, பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பேர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் குழந்தை மாதிரி சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். தனசேகரன் ரோட்டைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். அப்படி ஓட்டக் கூடாதுதான். அன்றைக்கு ஓட்டினான்.

ஸ்ரீபெரும்புதூர் சிக்னல் வந்தது. பழக்கதோஷத்தில் அவன் இடது காலைத் தூக்கிக் கட்டையை மிதித்தான். வண்டி மெல்ல நின்றது. கமலாட்சி குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் எப்பவோ அடங்கிட்சி போல இருக்குதே" என்றாள்.

மாட்டிக்கொண்டான். "எப்டித் தெரியும்?"

"ஆடியிலயே தெரியும். தானா வுழற கால் வேற மாதிரி சத்தம் போடும். இது பாத்து, யோசிச்சி, எனக்குன்னு மிதிக்கிறது. பக்கத்துல குந்தி உங்க மிதியக் கேட்டே நாடா எறிஞ்சவளுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?"

கமலாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் நின்றது.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க" என்றாள்.

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். பச்சை விளக்கு விழுந்திருந்தது. தனசேகரன் பிரேக்கை விட்டான், கார் தானாகவே ஊர்ந்து கிளம்பியது. ராஜகுளம் தாண்டி ஊருக்குள் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அவன் முதலில் கட்டையை மிதித்தான். கமலாட்சி ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் வேகம் குறைவதற்கு முன்னாலேயே அவள் கை வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டது.